ஒரு ஃபங்ஷனை நீக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது

மாதக் கடைசி நாள், இரவு பதினொன்றரை மணி. பில்லிங் டீமில் இருந்த மதுரைத் தம்பி போன் செய்தான். "அக்கா, நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. இன்னைக்கு ஒரு பில்கூட வெளிய வரல. உங்க லைப்ரரியில அந்த ஃபங்ஷனே இல்லைன்னு எரர் வருது."

எல்லா டீமும் தங்கள் நிரலுக்குள் எடுத்துப் பயன்படுத்தும் என் லைப்ரரியில் இருந்து, அன்று காலை அந்த ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டை, நீக்கியது நான்தான். அதற்குப் பதிலாக எழுதிய புதிய ஃபங்ஷன் வெளிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "பழையதை இனிப் பயன்படுத்த வேண்டாம்" என்று, மாற்றங்களைக் குறித்து வைக்கும் சேஞ்ச்லாகில் ஒரு வரியும் எழுதியிருந்தேன். ஆறு மாதம் போதும் என்று நானே முடிவு செய்து, நீக்கி, ரிலீஸும் செய்துவிட்டேன். சேஞ்ச்லாகைத் திறந்து பார்க்கும் வேலை அவனுக்கு எப்போதுமே வந்ததில்லை என்பது அந்தப் போனில்தான் எனக்கு உறைத்தது. வெர்ஷனிலும் தவறு செய்திருந்தேன். பழைய நிரலை உடைக்கிற மாற்றம் என்றால் வெர்ஷனின் முதல் எண் ஏற வேண்டும் என்பது, வெர்ஷனை மூன்று எண்களால் எழுதும் செம்வெர் முறை. நான் நடு எண்ணை மட்டும் ஏற்றியிருந்தேன். அவர்கள் முதல் எண்ணை மட்டும் பூட்டி வைத்துவிட்டு, மற்றதற்கு என்னை நம்பியிருந்தார்கள்.

பழைய ஃபங்ஷனைத் திரும்பப் போட்டு மறுபடி ரிலீஸ் செய்ய நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அந்தப் பையன் கடைக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் ஒரு தவறும் இல்லை. அந்த ஃபங்ஷனை ஒழுங்காக வழியனுப்ப வேண்டும் என்று அன்றுதான் தீர்மானித்தேன். அதற்கு இரண்டு வருடம் பிடித்தது. அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அது நான் வேலை பார்த்த நிறுவனத்தின் உள் உபயோகத்துக்கான சின்ன பைதான் லைப்ரரி. ஒரு தொகையைக் கொடுத்தால் பைசாவுக்கு முழுமையாக்கி, லட்சம், கோடி முறையில் கமா போட்டு, அச்சிடத் தயாராகத் தரும். எல்லா டீமும் பயன்படுத்தியது.

அந்த ஃபங்ஷனை ஏன் நீக்கியே ஆக வேண்டும்? அது ஃப்ளோட்டை, அதாவது கணினி இரும முறையில் வைக்கும் பின்ன எண்ணை, வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு கணக்கு சொல்கிறேன். விலை 53 ரூபாய் 50 காசு, வரி 5 சதவீதம். கையால் போட்டால் 2.675, பைசாவுக்கு முழுமையாக்கினால் 2.68. பைதானில் 53.5 ஐ 5 ஆல் பெருக்கி 100 ஆல் வகுத்து எங்கள் ஃபங்ஷனிடம் கொடுத்தால் 2.67 என்று அச்சிடும். அதே 53.5 ஐ 0.05 ஆல் பெருக்கிக் கொடுத்தால் 2.68. ஒரே வரி, ஒரே பொருள், இரண்டு விடை. 2.675 என்ற எண்ணை இரும முறையில் துல்லியமாக வைக்க முடியாது. முதல் வழியில் கிடைப்பது அதைவிட மயிரிழை குறைவு, இரண்டாவது வழியில் மயிரிழை அதிகம். பில்லிங் டீம் ஒரு வழியிலும் ரிப்போர்ட் டீம் இன்னொரு வழியிலும் கணக்குப் போட்டதால் மாதாமாதம் பைசாக்கள் ஒத்துப்போகாமல் நின்றன.

புதிய ஃபங்ஷன் டெசிமலை, அதாவது பதின்ம முறையிலேயே வைக்கும் எண் வகையை, மட்டும் வாங்கும். ஃப்ளோட் கொடுத்தால் டைப்எரர், தவறான வகை என்ற பிழை. இந்தக் கண்டிப்பு தேவைப்பட்டது. ஃப்ளோட்டாக இருக்கும் 2.675 ஐ அப்படியே டெசிமலாக மாற்றினால் அந்த மயிரிழைப் பிழையும் கூடவே வந்துவிடும். எழுத்துகளாக எழுதிய ஸ்ட்ரிங்கில் இருந்துதான் டெசிமல் செய்ய வேண்டும். ஆகவே கூப்பிடும் இடத்தில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மற்ற டீம்களிடம் நான் கேட்டது சின்ன உதவி இல்லை. அதை உணர எனக்குத்தான் நாளாயிற்று.

டெப்ரிகேட் செய்வது என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான்: இது இன்னும் வேலை செய்யும், ஆனால் போகப்போகிறது, அதற்குள் வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். குடியிருப்பவருக்கு வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்வது போல. சொன்னது அவர் காதில் விழ வேண்டும், போக வேறு வீடு இருக்க வேண்டும், மாற அவகாசமும் வேண்டும்.

காதில் விழுவதில்தான் முதலில் தடுக்கினேன். பழைய ஃபங்ஷனுக்குள் பைதானின் வார்னிங்ஸ் மாட்யூலைக் கூப்பிட்டு ஒரு செய்தி போட்டேன், வகை எதுவும் சொல்லாமல். வகை சொல்லாவிட்டால் அது யூசர்வார்னிங். எல்லா சர்வீஸின் லாகிலும், அதாவது ஓட்டப் பதிவிலும், அது வந்து விழுந்தது. போதாக்குறைக்கு ஸ்டாக்லெவல் என்ற எண்ணையும் நான் கொடுக்கவில்லை. அது இல்லாவிட்டால் வார்னிங் சுட்டிக்காட்டுவது அந்த வார்னிங்கை எழுதிய வரியைத்தான், அதாவது என் லைப்ரரியின் வரியை. பார்த்தவர்கள் எல்லோரும் என் லைப்ரரியில் ஏதோ கோளாறு என்று எனக்கே டிக்கெட் போட்டார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஸ்டாக்லெவலை 2 என்று கொடுத்தால் கூப்பிட்டவரின் ஃபைலும் வரி எண்ணும் வரும். இந்த ஒரு எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது என்று சொல்வேன். "யாரோ எதையோ மாற்ற வேண்டும்" என்பதற்கும் "உன் ஃபைலில் 118 ஆம் வரியை மாற்று" என்பதற்கும் உள்ள தூரம் அது. நடுவில் ஃபங்ஷனைச் சுற்றிப் போடும் டெக்கரேட்டரோ வேறு உள் ஃபங்ஷனோ இருந்தால் 2 போதாது, அடுக்குகளை எண்ணிப் போட வேண்டும். பைதான் 3.12 இல் இருந்து குறிப்பிட்ட ஃபோல்டரின் ஃபைல்களைத் தாண்டிப் போகச் சொல்லவும் வசதி வந்துவிட்டது.

அப்புறம் சரியான வகைக்கு, டெப்ரிகேஷன்வார்னிங்குக்கு, மாற்றினேன். உடனே முழு அமைதி. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். பைதான் 2.7, 3.2 காலத்தில் இருந்தே இந்த வகை வார்னிங் வழக்கமாக மறைக்கப்பட்டுவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 3.7 இல் பெப் 565 என்ற பைதான் மாற்ற முன்மொழிவு வழியாக ஒரு விலக்கு வந்தது: நேரடியாக ஓட்டும் முதன்மை ஸ்கிரிப்டில் இருந்து எழும் வார்னிங் மட்டும் காட்டப்படும். அது இம்போர்ட் செய்து உள்ளே இழுக்கும் மாட்யூல்களில், அதாவது வேறு நிரல் ஃபைல்களில், இருந்து வருவது தெரியாது. பெரிய சர்வீஸில் நிரல் முழுவதும் அப்படித்தானே இருக்கும்?

யோசித்தால் அந்த மறைப்பில் நியாயம் உண்டு. ஒரு நிரலை ஓட்டுகிறவர் வேறு, எழுதுகிறவர் வேறு. ஓட்டுகிறவருக்கு உள்ளே எந்த ஃபங்ஷன் பழசு என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. செய்தி எழுதுகிறவருக்குப் போக வேண்டும், அவர் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் போக வேண்டும். அந்த இடம் டெஸ்ட். டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்ட் கருவி இந்த வார்னிங்குகளை ஓட்டத்தின் கடைசியில் திரட்டிக் காட்டும். "அக்கா, டெஸ்ட் முடியும்போது மஞ்சளா என்னமோ வருது, உங்க பேர் போட்டிருக்கு" என்று ஒருத்தி வந்து கேட்டபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. சரி, வந்து சேர்ந்துவிட்டது.

அதற்கு மேல் ஒரு படி போக, பைதானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவிடம் கற்றுக்கொண்டேன். அங்கே டெப்ரிகேஷன் வார்னிங்கின் கிளாஸ் பெயரிலேயே நீக்கப்போகும் வெர்ஷன் இருக்கும், 'ரிமூவ்டுஇன்ஜாங்கோ50வார்னிங்' என்பது போல. நானும் அப்படி ஒரு கிளாஸ் செய்தேன். இரண்டு நன்மை. வெர்ஷனைப் பெயரிலேயே போட்டதால் தேதியை மெதுவாகத் தள்ளிப்போட எனக்கே மனம் வராது. இன்னொன்று, டீம்கள், டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் தங்கள் சிஐயில் எங்கள் வார்னிங்கை மட்டும் எரராக மாற்றிக்கொள்ளலாம். எல்லா டெப்ரிகேஷன்வார்னிங்கையும் எரராக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். தாங்கள் எழுதாத, தங்களால் திருத்த முடியாத ஏதோ ஒரு பேக்கேஜின் வார்னிங்கால் சிஐ சிவந்து நிற்கும், மறுநாளே அந்த அமைப்பை எடுத்துவிடுவார்கள்.

என் வீட்டிலேயே அப்படி ஒன்று கிடந்தது. லைப்ரரிக்குள் இருந்த இன்னொரு ஃபங்ஷன், பழையதை உள்ளுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களுக்கு வார்னிங் வரும், ஆனால் அவர்கள் மாற்ற ஒன்றுமே இல்லை. டெப்ரிகேட் செய்த அன்றே லைப்ரரியின் சொந்த டெஸ்ட்களில் நம் வார்னிங்கை எரராக்கிவிட வேண்டும். பழையதைச் சோதிக்கும் டெஸ்ட்கள் மட்டும் வார்னிங் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு விலகி நிற்கலாம்.

அடுத்து சொல்லப்போவதில்தான் எனக்கு இன்றும் அதிக அக்கறை. பழைய ஃபங்ஷனை என்ன செய்வது? எல்லோரும் சொல்லும் வழி, பழையதை ஒரு மெல்லிய உறையாக்கி உள்ளே புதியதைக் கூப்பிடுவது. பெயர் மட்டும் மாறியிருந்தால் அது நல்ல வழி. கணக்கு ஓரிடத்தில்தான் இருக்கும், இரண்டையும் பராமரிக்க வேண்டாம். எங்களுக்கு அது விஷமாகியிருக்கும். பழையது 2.67 என்று அச்சிட்ட பில்லை ஆறு மாதம் கழித்து மறுபிரதி எடுத்தால் 2.68 என்று வரும். வாடிக்கையாளர் கையில் ஒன்று, நம் கணக்கில் இன்னொன்று. நானும் முதலில் உறையாக்கி எழுதிவிட்டேன். ரிலீஸ் ஆகும் முன் பழைய விடைகளைப் பதிவு செய்து ஒப்பிடும் டெஸ்ட் ஒன்று ஓடியதால் பிடிபட்டது. டெப்ரிகேட் ஆன ஃபங்ஷன் போகும் நாள் வரை அதன் பிழையோடு அப்படியே இருக்க வேண்டும். "சீக்கிரம் போகத்தானே போகிறது" என்று அதைத் திருத்தப் போனால், மாறிக்கொள்ள அவகாசம் கொடுத்ததாகச் சொல்லிவிட்டு அவகாசத்தின் நடுவிலேயே காலுக்குக் கீழ் தரையை மாற்றுகிறோம்.

விடை மட்டுமா? கூகுளில் பணிபுரிந்த ஹைரம் ரைட் பெயரால் ஒரு விதி வழங்குகிறது: பயன்படுத்துகிறவர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நீங்கள் என்ன உறுதி கொடுத்தீர்கள் என்பது பொருட்டே இல்லை, வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். எங்கள் பழைய ஃபங்ஷன் தொகைக்கு முன்னால் ஆங்கிலத்தில் ரூபாய்க்கான இரண்டு எழுத்து, ஒரு புள்ளி, ஓர் இடைவெளி போட்டது. மொத்தம் நான்கு இடம். புதியதில் 2010 இல் வந்த ரூபாய்க் குறியீட்டைப் போட்டேன், அழகாகத்தான் இருந்தது. ஒரு டீம் வருகிற ஸ்ட்ரிங்கின் முதல் நான்கு இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தது. புதியதுக்கு மாறியிருந்தால் தொகையின் முன் இலக்கங்களே வெட்டுப்பட்டிருக்கும், ஒரு எரரும் வராமல். மாற்றத்தின் குறிப்பில் "விடையின் வடிவமும் மாறுகிறது" என்று தனியாக எழுதியிருந்ததால் அவர்களே வந்து கேட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது முழுமையாக்கிய எண் மட்டும்தான். அதற்கென்று தனி ஃபங்ஷன் ஒன்று கொடுத்தோம்.

ஃபங்ஷனுக்கு மதிப்பைப் பெயர் சொல்லிக் கொடுக்கும் கீவேர்ட் பெயரை மாற்றும்போது ஒரு சின்னச் சங்கதி உண்டு. பழைய பெயருக்கு இயல்பு மதிப்பாக நன், அதாவது 'ஒன்றும் இல்லை' என்ற மதிப்பு, கொடுத்துவிட்டு, நன் இல்லையென்றால் வார்னிங் என்று எழுதுவோம். வேண்டுமென்றே நன் அனுப்புகிறவர் அதில் தப்பிவிடுவார். யாரும் அனுப்ப வாய்ப்பில்லாத ஒரு தனி ஆப்ஜெக்டை இயல்பு மதிப்பாக வைக்க வேண்டும். பழையதும் புதியதும் சேர்ந்து வந்தால் எதை எடுப்பது என்று ஊகிக்காமல் டைப்எரர் கொடுத்துவிடுவது நல்லது.

வார்னிங்கின் வாசகத்தை நான் நான்கு முறை மாற்றி எழுதினேன். முதலில் "இந்த ஃபங்ஷன் டெப்ரிகேட் ஆகிவிட்டது" என்று இருந்தது. படிப்பவருக்கு அதில் எந்த உதவியும் இல்லை. கடைசியில் நின்ற வாசகத்தில் எந்த வெர்ஷனில் போகும், அதற்குப் பதில் எது, தொகையை ஸ்ட்ரிங்கில் இருந்து டெசிமலாக மாற்றித் தர வேண்டும் என்ற மூன்றும் இருந்தன. பைதான் 3.13 இல் பெப் 702 வழியாக வார்னிங்ஸ் மாட்யூலுக்கே டெப்ரிகேட்டட் என்ற டெக்கரேட்டர் வந்துவிட்டது. பழைய பைதான்களுக்கு டைப்பிங் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற தனிப் பேக்கேஜில் கிடைக்கும். டைப் செக்கர்கள் அதைப் புரிந்துகொள்ளும், எடிட்டரில் டைப் செய்யும்போதே ஃபங்ஷன் பெயரின் மேல் கோடு விழும். புதிதாக நிரல் எழுதுகிறவரைத் தடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இப்போது தொடங்கினால் இதையும் வார்னிங்கையும் சேர்த்தே போடுவேன்.

எவ்வளவு காலம் கொடுப்பது? பைதானின் பெப் 387, வார்னிங் போட்டு குறைந்தது இரண்டு வெர்ஷனாவது காத்திருக்கச் சொல்கிறது. வருடத்துக்கு ஒரு வெர்ஷன் என்பதால் அது இரண்டு வருடம். எண் கணக்குகளுக்கான பைதான் லைப்ரரியான நம்பை, தன் 'இன்ட்', 'ஃப்ளோட்' மாற்றுப்பெயர்களை 1.20 இல், 2021 ஜனவரியில், டெப்ரிகேட் செய்து 1.24 இல், 2022 டிசம்பரில், நீக்கியது. கலெக்ஷன்ஸ் மாட்யூலில் இருந்த 'மேப்பிங்' போன்ற பெயர்கள் 2012 இல் வந்த 3.3 இலேயே வேறு இடத்துக்குப் போய்விட்டன. பழைய பெயர்களை 3.9 இல் நீக்குவதாக இருந்து, இன்னும் ஒரு வெர்ஷன் அவகாசம் கொடுத்து, 3.10 இல்தான் எடுத்தார்கள்.

எங்களுக்கு அளவுகோல் வேறு இடத்தில் கிடைத்தது. எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று நினைத்த நேரத்தில் கணக்குப் பிரிவின் ஸ்கிரிப்ட் ஒன்று தென்பட்டது. அது வருடத்துக்கு ஒரே ஒரு முறை, மார்ச் 31 முடிந்ததும் ஓடும். அதற்கு டெஸ்ட் இல்லை, லாகையும் யாரும் பார்ப்பதில்லை. ஆறு மாத அவகாசம் அதற்கு வந்ததே தெரியாமல் போயிருக்கும். பணம் தொடர்பான லைப்ரரி என்றால் அவகாசத்துக்குள் ஒரு நிதியாண்டு முடிவாவது அடங்கியிருக்க வேண்டும். உங்கள் துறையில் எது மிக அரிதாக ஓடுகிறதோ, அதன் சுற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதைவிட நீளமாக வையுங்கள்.

அறிவித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் பாதிப் பேர்தான் மாறுவார்கள். மீதிப் பேருக்கு சோம்பல் என்று நான் நினைத்ததுண்டு. போய்ப் பார்த்தபோது அவரவர் தலையில் அதைவிட அவசரமான வேலை இருந்தது. எல்லா ரீபோவிலும், அதாவது ஒவ்வொரு டீமும் நிரலை வைத்திருக்கும் இடத்திலும், பெயரைத் தேடி, பயன்படுத்தும் இடங்களைப் பட்டியலிட்டு, வாரம் ஒரு டீம் என்று நானே மாற்றி, அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். அவர்கள் சரிபார்த்து மெர்ஜ் செய்தால் போதும். இதில் எனக்கும் லாபம் இருந்தது. நான்கு டீமுக்கு மாற்றிய பிறகுதான், டேட்டாபேஸில் இருந்து தொகை ஃப்ளோட்டாகவே வரும் இடங்களில் என் புதிய ஃபங்ஷனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தது. நாம் வரச் சொன்ன வீட்டில் கதவே இல்லாதது போல. அந்த இடங்களுக்கு ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுதி, டேட்டாபேஸ் பக்கம் டெசிமலாகவே எடுக்கும்படி மாற்றிக் கொடுத்தேன்.

டெப்ரிகேட் செய்துவிட்டு நீக்காமலே விட்டுவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஜாவா மொழியில் த்ரெட்டை, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் இழையை, நிறுத்தும் 'ஸ்டாப்' மெத்தட் 1998 இல் வந்த 1.2 இலேயே டெப்ரிகேட் ஆனது. வெறும் எரர் மட்டும் தரும் நிலைக்கு அது வந்தது 2023 இல், ஜாவா 20 இல். டெப்ரிகேட் என்றால் நிஜமாகவே போகுமா போகாதா என்று யாருக்கும் தெரியாமல் போனதால்தான் 2017 இல் ஜாவா 9, 'நீக்கப்படும்' என்று தனியாகக் குறிக்கும் வசதியைச் சேர்த்தது. நீக்கும் எண்ணம் இல்லையென்றால் வார்னிங்கே போட வேண்டாம், ஆவணத்தில் "புதிய நிரலுக்கு இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்" என்று எழுதினால் போதும். பைதானில் இதை 'சாஃப்ட் டெப்ரிகேட்டட்' என்கிறார்கள். வெறுமனே பெயர் பிடிக்கவில்லை என்று நான் மாற்ற நினைத்த இரண்டு ஃபங்ஷன்களை இந்த வகையில் போட்டு விட்டுவிட்டேன்.

நீக்கும் நாள் வந்தது. முதல் எண்ணை ஏற்றி 3.0 என்று ரிலீஸ் செய்தோம். நம்பையில் பார்த்த ஒன்றை இங்கே எடுத்துக்கொண்டேன். அங்கே நீக்கிய பிறகும் 'என்பி.இன்ட்' என்று எழுதினால் வெறுமனே "இல்லை" என்று சொல்லாது. அது எப்போது டெப்ரிகேட் ஆனது, பதிலாக என்ன எழுத வேண்டும் என்று எரரிலேயே சொல்லும். பைதான் 3.7 முதல் ஒரு மாட்யூலுக்கே 'கெட்ஆட்ர்' எழுதலாம், இல்லாத பெயரைக் கேட்டால் அது ஓடும். அதில் என் செய்தியை, பெயர் இல்லை என்பதற்கான அட்ரிபியூட்எரராக எழுப்பினேன். சோதித்துப் பார்த்தபோது, 'ஃப்ரம்' போட்டு இம்போர்ட் செய்கிறவர்களுக்கு அந்தச் செய்தி தெரியவில்லை. பைதான் அதை விழுங்கிவிட்டு, பெயரை இம்போர்ட் செய்ய முடியவில்லை என்ற தன் வழக்கமான வரியையே காட்டியது. எங்கள் டீம்கள் எல்லாம் அப்படித்தான் இம்போர்ட் செய்தன. அதனால் இம்போர்ட்எரரையே எழுப்பும்படி மாற்றினேன். இப்போது நிரல் தொடங்கும்போதே நின்று, முழுச் செய்தியையும் காட்டும். மாதக் கடைசி இரவில் பில் அச்சிடும் நேரத்தில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த மாதக் கடைசியில் பதினொன்றரை வரை விழித்திருந்தேன். போன் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் எங்கோ கிடந்த பழைய ரிப்போர்ட் கருவியைத் தூசி தட்டி எடுத்து ஓட்டியிருக்கிறான். முதல் வரியிலேயே அந்த எரர். படித்து, அவனே மாற்றி, ஓட்டியும் விட்டான். எனக்கு அனுப்பியது ஒரே ஒரு கேள்விதான்: "மேம், ஸ்ட்ரிங்ல இருந்துதான் டெசிமல் பண்ணணும்னு அந்த எரர்ல போட்டிருந்துச்சு. ஃப்ளோட்ல இருந்து பண்ணினா என்ன ஆகும்?"

53 ரூபாய் 50 காசுக் கணக்கை அவனுக்கு எழுதி அனுப்பினேன்.